கேம்பரில் குடியேறும் கல்லூரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் வாடகை விசாரித்துத் திகைத்த மாணவர்கள் பலருக்கும் அடுத்து வருவது கேம்பர், அதாவது படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக்கிய வண்டி, என்ற யோசனைதான். பழைய வேன் ஒன்றையோ இழுவை டிரெய்லர் ஒன்றையோ வாங்கி அதிலேயே தங்கிவிட்டால், படிப்பு முடிவதற்குள் பெரிய தொகை மிச்சமாகும் என்று காகிதத்தில் கணக்கு வரும். கணக்கு பொய்யில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்த கென் இல்குனாஸ் 2009 முதல் வேனில் தங்கி, கடனில்லாமல் படிப்பை முடித்தார். ஆனால் அவரைப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் வண்டியின் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள்; அது இரவில் எங்கே நிற்கும் என்பதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். மற்றத் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

வளாகத்தில் வண்டி நிறுத்த அனுமதிச்சீட்டு இருக்கிறதே என்பார்கள். வண்டி நிறுத்த அனுமதி வேறு, வண்டிக்குள் உறங்க அனுமதி வேறு. கலிபோர்னியாவின் கால் பாலி ஹம்போல்ட் பல்கலைக்கழகம், வளாகத்தில் வண்டிகளில் வாழ்ந்துவந்த மாணவர்களை 2023 நவம்பரில் வெளியேறச் சொன்னது. பருவத் தேர்வு நெருங்கும் நேரம்! அதே மாநிலத்தின் லாங் பீச் சிட்டி கல்லூரியோ 2021இல் எதிர்த்திசையில் போனது. காரில் உறங்கும் தன் மாணவர்களுக்குக் காவலோடு கூடிய இரவு நிறுத்துமிடம் ஒன்றைத் திறந்தது. இத்தகைய கல்லூரிகள் அரிது. உங்கள் கல்லூரி அப்படி இருக்கும் என்று நம்பி வண்டி வாங்கக் கூடாது.

தெருவோரம் நிறுத்தலாமே என்றால், கலிபோர்னியாவின் பல ஊர்களில் ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் நின்ற வண்டியை இழுத்துச் சென்றுவிடுவார்கள். பொது இடங்களில் தங்குவதற்கு எதிரான ஊர்விதிகளை நகரங்கள் அமல்படுத்தலாம் என்று ஆரிகன் மாநில ஊரான கிரான்ட்ஸ் பாஸ் தொடர்பான வழக்கில் 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, கெடுபிடிக்குத் தடையும் குறைந்துவிட்டது. வால்மார்ட் வாசலில் ஓர் இரவு நிற்பதுகூட அந்தந்தக் கிளை மேலாளரின் சம்மதத்தைப் பொறுத்தது.

ஆகவே நடைமுறையில் மிஞ்சுவது ஆர்.வி. பார்க், அதாவது இத்தகைய குடியிருப்பு வண்டிகளை நிறுத்தி வாழ மாத வாடகைக்கு இடம் தரும் வளாகம். அங்கேயும் ஒரு கண்ணி உண்டு: பத்து ஆண்டுக்கு மேல் பழைய வண்டியைப் பல பார்க்குகள் உள்ளே விடுவதில்லை. மாணவர்கள் வாங்குவதோ இருபது வயது வண்டியை. முதலில் பார்க்குக்குப் போன் செய்து மாத வாடகை எவ்வளவு, மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, வண்டியின் வயதுக்கு வரம்பு உண்டா, குளிர்காலத்தில் தண்ணீர் வருமா என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு வண்டி பார்க்கலாம்.

வண்டி பார்க்கப் போனால் மெத்தையையும் அடுப்பையும் பார்த்து மயங்காதீர்கள். பழைய கேம்பரைக் கொல்வது பெரும்பாலும் கூரைக் கசிவு. மேல் மூலை அலமாரிகளைத் திறந்து மோந்து பாருங்கள். ஈர வாடை ஒளியாது. ஜன்னலுக்குக் கீழே சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குளியல் இடத்தருகே தரையில் குதிகாலை ஊன்றிப் பாருங்கள். விரலோ காலோ அமுங்கினால், வெளிச்சுவர் எங்காவது உப்பியிருந்தால், உள்ளே மரச்சட்டம் உளுத்திருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு மூலையில் மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால் நான் அந்த வண்டியை வாங்க மாட்டேன். டிரெய்லர் என்றால், அதை இழுக்கத் தகுந்த பிக்கப் வண்டி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வரும்.

இடமும் வண்டியும் சரியாக அமைந்தவர்களைக்கூடப் பதம் பார்ப்பது குளிர்காலம். உயிருக்கே ஆபத்தான தவறு, சமையல் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடேற்றுவது. சிறிய, மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு வேகமாகச் சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஓர் இரவுகூடப் படுக்காதீர்கள். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் எரிவாயுவான புரொப்பேன் கசிந்தால் எச்சரிக்கும் அலாரம் தனி. அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் அதைத் தரையருகே பொருத்த வேண்டும்.

பலரும் எதிர்பாராத இன்னொரு பகை ஈரம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ அளவுக்கு நீராவி பிறக்கும். புகையை வெளியே விடும் குழாய் இல்லாத, கையில் தூக்கிச் செல்லும் சிறு ஹீட்டரில் அத்தனையும் அறைக்குள்ளேயே தங்கும். இதோடு நம் வீட்டுப் பிள்ளைகள் குக்கரில் நான்கு விசில் சோறும் இட்லி ஆவியும் சேர்த்தால், விடியும்போது ஜன்னலில் நீர் வழியும். பத்து நாள் கழித்து மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருக்கும். மெத்தைக்குக் கீழே காற்றுப் போக மரப்பட்டிகள் போடுங்கள். சமைக்கும்போது எவ்வளவு குளிரானாலும் கூரை விசிறியை ஓடவிட்டு ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். தாளிப்பு வாடை வகுப்பு வரை வரும் தொல்லையும் இதில் குறையும். வண்டியோடு வரும் ஃபர்னஸ் என்னும் வாயுச் சூடேற்றி புகையை வெளியே தள்ளிவிடும் என்பதால் அதுவே நல்லது. ஆனால் அதன் விசிறி பாட்டரியில் ஓடுகிறது. மின் இணைப்பு இல்லாத இடத்தில் பாட்டரி இறங்கினால், வாயு இருந்தும் நடுராத்திரியில் சூடு நின்றுவிடும். லித்தியம் பாட்டரி என்றால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

பார்க்கின் கழிவுநீர்க் குழாயோடு இணைத்த பிறகு, வண்டியின் கழிப்பறைத் தொட்டி வால்வைத் திறந்தபடியே விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. நீர் ஓடிவிடும், மற்றது மேடு கட்டி நிற்கும். முக்கால் பங்கு நிறையும் வரை மூடி வைத்து, பிறகு ஒரே வீச்சில் திறந்துவிடுங்கள். குளித்த நீர்த் தொட்டியை அடுத்துத் திறந்தால் குழாயும் கழுவப்பட்டுவிடும்.

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் போகிறவர்கள் முகவரியை அலட்சியம் செய்யக் கூடாது. குடியிருக்கும் இடம் மாறினால் பத்து நாட்களுக்குள் கல்லூரிக்குத் தெரிவித்து, செவிஸ் என்னும் அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவில் ஏற்றச் செய்ய வேண்டும். தபால் பெட்டி எண் குடியிருப்பு முகவரியாகாது. நண்பனின் முகவரியைக் கொடுத்துவிட்டு வேனில் ஊர் சுற்றுவது விசாவோடு விளையாடுவது. நிலையான இடம் தரும் பார்க் கிடைக்காவிட்டால், விசா மாணவர்கள் இந்த யோசனையைக் கைவிடுவதே மேல். பார்க் வாடகை, புரொப்பேன், காப்பீடு எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகையைவிட, நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் அபார்ட்மென்ட்டில் ஒருவரின் பங்கு பல ஊர்களில் மலிவாகவே இருக்கும். காப்பீட்டிலும் கவனம் தேவை. விடுமுறைப் பயணத்துக்கான பாலிசி, முழுநேரமும் வண்டியில் குடியிருப்பவருக்குப் பொதுவாகப் போதாது. தனிச் சேர்க்கை கேட்டு வாங்க வேண்டும்.

குளியலுக்குக் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தையும் படிப்புக்கு நூலகத்தையும் நம்பியிருப்பவர்கள், டிசம்பர் விடுமுறையில் அவை எந்தெந்த நாட்கள் பூட்டியிருக்கும் என்பதை நவம்பரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கடுங்குளிர் வரும் நாட்களும் பெரும்பாலும் அவையே.