காணிக் குடியிருப்புகளில் பிள்ளைகள் நலம் பற்றிய ஆய்வு: ஊரோடு சேர்ந்து நடத்துவது எப்படி

திருநெல்வேலி மாவட்டப் பாபநாசத்துக்கு மேற்கே, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் காரையாறு, சேர்வலாறு, மைலாறு, இஞ்சிக்குழி எனக் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. இங்குள்ள பிள்ளைகளின் நலத்தை ஆய்வு செய்ய வருகிறவர்கள் பலரும் கேள்வித்தாளை அச்சடித்த பிறகுதான் ஊராரைப் பார்க்கிறார்கள். அதோடு வேலை கெட்டுவிடுகிறது. எதைக் கேட்பது, யார் கேட்பது, கிடைத்ததை யார் வைத்திருப்பது என்ற மூன்றையும் ஊர் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் ஊருக்கு வழி இருக்க வேண்டும். அந்த வழியைக் கடைசி வரை திறந்து வைத்திருப்பதுதான் ஆய்வை நடத்தும் ஒருங்கிணைப்பாளரின் முதல் வேலை. மற்றவை எல்லாம் அதற்கான ஏற்பாடுகள்.

அனுமதியும் ஒப்புதலும்

காப்பகத்துக்குள் ஆய்வுக்காகப் போக, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி மாநில முதன்மை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தனி. பள்ளிக்குள்ளோ விடுதிக்குள்ளோ பிள்ளைகளைச் சந்திப்பதானால் கல்வித் துறையிலும் பழங்குடியினர் நலத் துறையிலும் கடிதம் வாங்க வேண்டும். இவை கைக்கு வர மாதங்கள் ஆகும். அந்த மாதங்களை ஊரோடு பேசுவதற்குப் பயன்படுத்துங்கள்.

அரசு கொடுக்கும் அனுமதி ஊரின் ஒப்புதல் ஆகாது. வனக் காவலர் துணையோடு நீங்கள் வீட்டு வாசலில் போய் நின்றால், எந்தக் குடும்பமும் மறுக்காது, மறுக்க முடியாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி நிலத்துக்கு மனுக் கொடுத்த குடும்பம், வனத்துறை ஆளோடு வருகிறவரைப் பகைத்துக்கொள்ளத் துணியுமா? யானை நடமாட்டத்துக்காகத் துணை வேண்டியிருந்தால், அவரைச் சாலையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போங்கள்.

பழைய முறையில் ஊர்த்தலைவருக்கு மூட்டுக்காணி என்று பெயர். இன்று அவரோடு வன உரிமைக் குழுவினர், மகளிர் குழுத் தலைவிகள், படித்த இளைஞர்கள் என்று பேச வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். தலைவர் ஒருவர் தலையசைத்தால் போதாது. பெண்களைத் தனியே, அவர்கள் சொல்லும் நேரத்தில் சந்தியுங்கள். பிள்ளைகளின் சாப்பாடு, தூக்கம், பயம் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பொதுக்கூட்டத்தில் அவர்கள் வாய் திறப்பது அரிது.

ஒவ்வொரு குடியிருப்பிலும் தனித்தனியே ஒப்புதல் கேளுங்கள். இதே அகத்தியர் மலையின் கேரளச் சரிவில், காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியை 1987இல் ஆய்வாளர்கள் தெரிந்துகொண்டார்கள். பிறகு அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்து வந்தது. உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்குத் தருவதென்று முடிவாகி, 1997இல் அறக்கட்டளையும் பதிவானது. உலகமெங்கும் மெச்சப்பட்ட ஏற்பாடு அது. அதிலும், எங்களைக் கேட்கவில்லையே என்று வேறு குடியிருப்புகளின் காணிகள் கேட்டார்கள். மைலாறு சரி என்றால் அது மைலாற்றுக்கு மட்டும்தான்.

முதல் கூட்டத்திலேயே உங்களால் ஆகாததைச் சொல்லிவிடுங்கள். சாதிச் சான்றிதழ், பட்டா, வீடு, சாலை, மின்சாரம் பற்றிக் கேட்பார்கள். ‘பார்க்கலாம்’ என்ற சொல் வேண்டாம். ஊரார் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வார்கள், அதில் தவறும் இல்லை.

தனி ஒப்புதலுக்கு இரண்டு சந்திப்பு வேண்டும். முதலில் விளக்கம் மட்டும். குறைந்தது ஒரு வாரம் கழித்துக் கையெழுத்து. இடையில் குடும்பம் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, பெற்றோர் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழி இசைவும் அதற்கு மேல் 18 வரை எழுத்து இசைவும் தேவை. அம்மா சரி என்று சொல்லிப் பிள்ளை தலைகுனிந்து நின்றால், அதை மறுப்பு என்றே குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் மறுத்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்திருங்கள், பெயரை அல்ல. ஒருவர்கூட மறுக்கவில்லை என்றால் ஒப்புதல் வாங்கிய விதத்தில் எங்கோ கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும்.

காலம் பார்ப்பது

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை களப்பணி வைக்காதீர்கள். ஓடை பெருகினால் உள்குடியிருப்புகளுக்குப் போக முடியாது. போனவர் திரும்பவும் முடியாது. ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பெருங்கூட்டம் இருக்கும்; அந்த வாரமும் ஆகாது. தேன் எடுக்கும் பருவத்தில் பெரியவர்கள் காட்டிலேயே தங்குவார்கள். பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரை உள்ள காலம்தான் தோது.

ஆனால் அப்போது பிள்ளைகளில் ஒரு பகுதியினர் ஊரில் இருக்க மாட்டார்கள், விடுதிகளில் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டால், வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைகளும் பள்ளியை விட்டு நின்றவர்களும் மட்டுமே கணக்கில் வருவார்கள். முடிவு முழுதும் சாய்ந்துவிடும். குடும்பப் பட்டியல் எடுக்கும்போதே ‘வெளியில் தங்கிப் படிப்பவர்’ என்று தனிக் கட்டம் போடுங்கள். அவர்களை மே விடுமுறையில் வீட்டில் வைத்துப் பாருங்கள். விடுதியைப் பற்றிய கேள்வியை விடுதிக்குள் வைத்துக் கேட்டால் உண்மையான பதில் வராது.

எந்த நாளானாலும் பொழுது சாயும் முன் சோதனைச் சாவடிக்குக் கீழே வந்துவிட வேண்டும்.

கேட்பவர் யார், கேள்வி எது

தகவல் எடுப்பவர்கள் அந்த மக்களில் இருந்தே வரட்டும்: குடியிருப்புக்கு ஓர் இளம்பெண், ஓர் இளைஞர். வீட்டில் பிள்ளைகள் பேசுவது தமிழும் மலையாளமும் கலந்த அவர்கள் பேச்சில். வெளியாளிடம் பள்ளித் தமிழில் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் சின்ன ஊரில் எல்லோரும் சொந்தம். சித்தியிடம் எந்தப் பிள்ளை வீட்டுச் சண்டையைச் சொல்லும்? அதனால் ஆட்களை மாற்றி அனுப்புங்கள்: சேர்வலாற்றுக்காரர் மைலாற்றில் கேட்கட்டும், மைலாற்றுக்காரர் சேர்வலாற்றில். ஒரு நாள் காட்டுக்கோ கூலிக்கோ போனால் கிடைப்பதற்குக் குறையாமல் சம்பளம் கொடுங்கள். வாரக் கடைசியில் ரொக்கமாக. நிறுவனத்தின் காசோலை வரும் வரை அவர்களைக் காக்க வைப்பது அநியாயம். பயிற்சிக்கு ஐந்து முழு நாள் ஒதுக்குங்கள். அதில் இரண்டு நாள் கேட்டுப் பழகுவதற்கு மட்டும்.

கேள்விகளை எங்கிருந்தோ மொழிபெயர்க்க வேண்டாம். கனடாவில் மனிட்டூலின் தீவின் விக்வெம்கூங் மக்கள் தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து, 8 முதல் 18 வயதினருக்கான நல அளவீட்டை உருவாக்கினார்கள். ஆன்மா, உணர்வு, உடல், மனம் என அவர்கள் மரபின் நான்கு பகுதிகளில் 62 கேள்விகள். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முறையை, கேள்விகளை அல்ல. இங்கே பிள்ளைகளைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஊரை வரையச் சொல்லுங்கள்: எங்கே சந்தோஷம், எங்கே பயம், எங்கே தனியாகப் போக மாட்டாய்? ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, நல்லா இருக்க எது முக்கியமோ அதன் மேல் வைக்கச் சொல்லுங்கள். அம்மாக்களோடும் தாத்தா பாட்டிகளோடும் இதையே தனியாகச் செய்யுங்கள். ஆற்றுக் குளியல், காட்டில் பெரியவர்களோடு நடப்பது, பள்ளியில் யாரும் மட்டமாகப் பேசாமல் இருப்பது போன்றவை எந்த ஆயத்தக் கேள்வித்தாளிலும் இருக்காது.

‘முழுவதும் உடன்படுகிறேன்’ தொடங்கி ஐந்து படி உள்ள விடைகள் சிறுபிள்ளைகளிடம் செல்லாது. நடுவில் உள்ளதையே தொடுவார்கள். ‘இல்லை, கொஞ்சம், நிறைய’ என்று மூன்று போதும். ‘கடந்த ஆறு மாதத்தில்’ என்பதற்குப் பதில் ‘அமாவாசைத் திருவிழாவுக்குப் பிறகு’, ‘பள்ளிக்கூடம் திறந்த பிறகு’ என்று கேளுங்கள். முப்பது நிமிடத்துக்கு மேல் எந்தப் பிள்ளையையும் உட்கார வைக்காதீர்கள். ஐந்தாறு பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்து, புரியாததை மாற்றி, மறுபடி கேட்டுப் பார்த்த பிறகே அச்சு.

உயரம், எடை

மண் தரையில் உயரக் கட்டையை வைத்தால் ஒரு சென்டிமீட்டர் வரை பிசகும். ஒட்டுப்பலகை ஒன்றைப் போட்டு, ரசமட்டம் வைத்துச் சமன் பாருங்கள். தினமும் காலையில் 5 கிலோ எடைக்கல்லால் தராசைச் சோதியுங்கள். இரண்டு முறை அளந்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறை அளக்க வேண்டும். இரண்டு வயதுக்குள் படுக்க வைத்து அளக்கணும். நிற்க வைத்துத்தான் அளக்க முடிந்தது என்றால் 0.7 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடும் ஊட்டக்குறைவு: அறிக்கைக்குக் காத்திருக்காமல் அன்றே அங்கன்வாடிப் பணியாளருக்கும் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும் சொல்லுங்கள்.

அளவை விட அதிகம் கெடுப்பது வயதுதான். பள்ளிப் பதிவேட்டில் சேர்க்கைக்கு வசதியாகப் போட்ட தேதிகள் இருக்கும். தாய் சேய் நல அட்டையைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் திருவிழா, மழை, பக்கத்து வீட்டுப் பிள்ளை பிறந்த நாள் என்று கேட்டு மாதத்தையாவது பிடியுங்கள். வயது நான்கு மாதம் தவறினால், சரியாக வளரும் பிள்ளை குட்டையானவன் பட்டியலில் விழுந்துவிடும்.

ஊரே கேட்டால் ஒழிய ரத்தம் எடுக்காதீர்கள்.

பிள்ளை ஆபத்தைச் சொன்னால்

இது நடக்கும் என்று எண்ணியே இறங்க வேண்டும். பாலியல் கொடுமை பற்றித் தெரிய வந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே ‘நீ சொல்வது யாருக்கும் தெரியாது’ என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உனக்கு ஆபத்து என்றால் மட்டும், உதவக்கூடியவரிடம் சொல்வோம்’ என்று ஒப்புதல் வாங்கும்போதே சொல்லுங்கள். குழந்தை உதவி எண் 1098, மனநல உதவிக்கு 14416. ஆனால் அலைபேசிக்குச் சிக்னல் எட்டாத இடங்களில் எண்ணை மட்டும் கொடுத்துப் பயனில்லை. எந்தச் செவிலியர், எந்த மருத்துவமனை, வண்டிக்குக் காசு யார் கொடுப்பது என்று முதல் கேள்வி கேட்கும் முன்பே எழுதி முடித்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் மனவருத்தம் பற்றிக் கேட்பது பிள்ளைக்குச் செய்யும் கெடுதல்.

தகவலைக் காப்பதும் திருப்பிக் கொடுப்பதும்

சில டஜன் பிள்ளைகள் உள்ள குடியிருப்பில் பெயரை நீக்கினால் அடையாளம் மறைந்துவிடாது. ‘பதின்மூன்று வயதுப் பெண், பள்ளிக்குப் போகவில்லை, அப்பா இல்லை’ என்று எழுதினால் ஊரில் எல்லோருக்கும் யாரென்று தெரியும். ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கையை அட்டவணையில் காட்டாதீர்கள். குடியிருப்புகளைச் சேர்த்துக் காட்டுங்கள், வயதை மூன்று மூன்றாகத் தொகுத்துப் போடுங்கள். சதவீதம் வேண்டாம்: எட்டுப் பேரில் ஒருவர் கூடினால் பன்னிரண்டரை சதவீதம் ஏறும், அதைப் படிப்பவர் ஊரைப் பற்றித் தப்பாக நினைப்பார். முகம் தெரியும் படங்களும் வேண்டாம்.

பெயர்ப் பட்டியல் ஓரிடத்தில், பதில்கள் வேறிடத்தில். பகுப்பாய்வு முடிந்ததும் பெயர்ப் பட்டியலை அழிக்கும் தேதியை ஊரோடு செய்யும் உடன்படிக்கையில் எழுதுங்கள். பெயரில்லாத் தொகுப்பின் நகல் ஊர் சொல்லும் இடத்தில் இருக்கட்டும். வேறொருவர் அதைக் கேட்டால், ஊர்தான் சரியோ வேண்டாமோ சொல்லும்.

முடிவுகள் முதலில் ஊருக்கு. களப்பணி முடிந்த இரண்டு மாதத்துக்குள், மாலைக் கூட்டத்தில், அவர்கள் பேச்சில், தகவல் எடுத்த இளைஞர்களே சொல்லட்டும். தப்பு என்றால் திருத்துங்கள். ‘இதை வெளியே எழுத வேண்டாம்’ என்றால் எழுதாதீர்கள். பிறகுதான் ஆட்சியர் அலுவலகமும் ஆய்விதழும். மொத்தச் செலவில் கால் பங்கையாவது இதற்கென்று தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள். கடைசியில் ஒதுக்கலாம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. ஊரார் சொன்னதில் உங்கள் கைக்கு எட்டுவது எதுவோ, பள்ளி வண்டிக்கான மனுவோ அங்கன்வாடிக்கான எடைக்கருவியோ, அதை அவர்களோடு சேர்ந்து எழுதிக் கொடுத்து, மனுவின் நகலை ஊரில் வைத்துவிட்டு வாருங்கள்.