டோமஹாக் வாங்கியதும் கிரைண்டரைத் தேடாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இளைஞர்கள் கையில் இப்போதெல்லாம் டோமஹாக் தென்படுகிறது. ஆன்லைனில் வரவழைக்கிறார்கள். முகாமுக்கு எடுத்துப்போக, கட்டையில் எறிந்து பழக, சுள்ளி ஒடிக்க என்று ஆளுக்கொரு காரணம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கைக்கோடாலி அது. ஐரோப்பிய வணிகர்கள் இரும்புத் தலையைக் கொண்டுபோய் விற்ற பிறகுதான் இன்றைய உருவம் வந்தது. 1960களில் பீட்டர் லகானா என்பவர் வியட்நாமுக்குப் போன அமெரிக்க வீரர்களுக்காக ஒரு புது வடிவம் செய்து விற்றார். கடையில் இன்று கிடைப்பதில் பலவும் அந்த இரண்டு வடிவங்களில் ஏதோ ஒன்றின் வழியில் வருபவை.

பெட்டியைப் பிரித்தால் பெரும்பாலும் வாய் மழுங்கலாக இருக்கும். தலையில் கறுப்புப் பெயின்ட், காம்பில் பளபளவென்று வார்னிஷ். வாங்கியவருக்குக் கை துறுதுறுக்கும். அன்றைக்கே தன் கைக்கு ஏற்றபடி மாற்றத் தொடங்கிவிடுவார். நல்ல இரும்பு வீணாவது அந்த முதல் நாளில்தான். எல்லோரும் ஒரே தவறுகளை, ஒரே வரிசையில் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கண்ணாடி போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள் என்பதெல்லாம் தெரிந்த விஷயம், அதற்குள் போகவில்லை.

காம்பின் தலைமாட்டை இழைத்துத் தள்ளுவது

நம் ஊர்க் கோடாலிக்குப் பெரும்பாலும் காம்பைக் கீழிருந்து நுழைத்து, மேலே ஆப்பு அடித்து இறுக்குவோம். டோமஹாக்குக்கு ஆப்பு கிடையாது. பிக்காசுக்குப் போடுவது போலத்தான்: காம்பின் மேல்முனை பருமன், கீழே வர வர ஒல்லி. காம்பின் ஒல்லியான முனையைத் தலையின் ஓட்டைக்குள் மேலிருந்து விட்டு, தலையைப் பருத்த முனைவரை தட்டி ஏற்ற வேண்டும். ஓங்கி வெட்டும் ஒவ்வொரு முறையும் தலை மேல்நோக்கி இழுபட்டு இன்னும் இறுகும்.

புதிதாக வாங்கியவருக்கு இது புரிவதில்லை. தலை முழுசாக ஏறவில்லையே என்று அந்தப் பருத்த பகுதியைச் சுற்றிலும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். ஒருநாள் தலை காம்பை விட்டு மேல்வழியாகவே கழன்று பறக்கும். எறிந்து பழகும் இடத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேய்க்க வேண்டியது எங்கே என்பதைக் காம்பே காட்டிக்கொடுக்கும். ஓட்டையின் உட்பக்கம் விளக்குக் கரியைத் தடவி, தலையை ஏற்றி, மறுபடி தட்டிக் கழற்றிப் பாருங்கள். கரி ஒட்டிய இடம் மட்டும்தான் உரசுகிறது. அங்கே மட்டும் உடைந்த கண்ணாடித் துண்டால் லேசாகச் சுரண்டி, திரும்பவும் ஏற்றிப் பாருங்கள். சலிக்காமல் செய்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். தலைக்கு மேலே ஒரு விரல்கட்டை அளவு மரம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டைக்குள் பெயின்ட் கட்டி நின்றால் முதலில் வட்ட அரத்தால் அதைத் தேய்த்து எடுங்கள். காம்பைக் குறை சொல்வது அதற்குப் பிறகுதான்.

வாயில் நீலம் ஏறவிடுவது

இதற்குத்தான் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி. நல்ல கார்பன் ஸ்டீல் டோமஹாக், ஆசை ஆசையாகக் காசு சேர்த்து வாங்கியது. கூர் போதவில்லை என்று வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்தவர் ஆங்கிள் கிரைண்டரை வைத்து இரண்டு பக்கமும் ஒரு இழுப்பு இழுத்துக் கொடுத்துவிட்டார். பொறி பறந்தது, வேலை முடிந்தது. நேரே என்னிடம் வந்தான்.

"அண்ணா, பாருங்க, பேப்பரை வெண்ணெய் மாதிரி வெட்டுது."

வாங்கிப் பார்த்தேன். வாயின் கீழ்முனையில், நகத்தை வெட்டிப் போட்டது போன்ற ஒரு பிறை. மயில் கழுத்து நீலம். அதன் ஓரத்தில் ஊதா, அதற்கும் வெளியே வைக்கோல் மஞ்சள்.

"இந்த நீலம் எப்ப வந்துச்சு?"

"கிரைண்டர் வெச்சப்ப வந்ததுண்ணா. அதுவும் பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

அடுத்த வாரம் காய்ந்த சீகை மரக் கிளையில் ஒரு முடிச்சை வெட்டியிருக்கிறான். சரியாக அந்த நீலம் இருந்த இடத்தில் வாய் மடங்கிக்கொண்டது. மற்ற இடமெல்லாம் அப்படியே இருந்தது. திரும்பத் திரும்ப அங்கே அரம் போட்டான். திரும்பத் திரும்ப மடங்கியது.

ஏன் என்று கேட்டால் இதுதான். எஃகை நன்றாகக் காய்ச்சித் திடீரென்று குளிரவைத்தால் கடினமாகும், ஆனால் கண்ணாடி போல நொறுங்கும். அதனால் மறுபடியும் அளவாகச் சூடு காட்டி, நொறுங்காத பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்வது இந்தப் பதத்தைத்தான். தேய்த்துத் துலக்கிய எஃகு சூடேறும்போது அதன் மேற்பரப்பு நிறம் மாறும்: 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். பட்டறையில் எந்தச் சூட்டோடு பதம் பார்த்து நிறுத்தினார்களோ, அதைத் தாண்டி வீட்டில் சூடேற்றினால் அந்த இடம் கடினம் குறைந்து மிருதுவாகிவிடும். நீலம் அதற்கான சாட்சி. அதன் பிறகு தண்ணீரில் முக்கினாலும் பயனில்லை. உப்புத்தாளால் நீலத்தைத் தேய்த்து எடுத்தால் நிறம்தான் போகும், இரும்பின் மெதுமை போகாது.

கோடாலியின் நடுப்பகுதி பருமன். அங்கே சூடு பட்டால் உள்ளே பரவிவிடும். வாய் அப்படியல்ல, தாள் கனம்தான். சூடு ஓட இடமில்லை. நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அதைத் தொட்ட மாத்திரத்தில் வாய் வெந்துவிடும். பின்பக்கத்தைப் பிடித்திருக்கும் கைக்கு அது தெரியவே தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் கத்தி பிடிக்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். இடையிடையே நின்று, கல்லில் தண்ணீர் தெளித்து, நிதானமாகத் தீட்டிவிட்டு மறுபடி செடிக்குப் போவார்கள். நாள் முழுக்க வெட்டுகிற கத்தி அது. மோட்டார் இல்லாமலேதான் அந்தக் கூர் வருகிறது.

சந்தேகமாக இருந்தால் அரத்தை வைத்துச் சோதியுங்கள். பதமான இடத்தில் அரம் வழுக்கப் பார்க்கும், மிகச் சிரமப்பட்டுத்தான் கடிக்கும். பதம் போன இடத்தில் சோப்புக்கட்டியைச் சீவுவது போலத் துகள் வரும். அந்தத் தம்பியின் டோமஹாக்கில் நீலம் முடிகிற இடம்வரை வாயை முழு அகலத்துக்கும் அரத்தாலேயே பின்னுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதுவரை இருந்த அழகான வளைவு போயிற்று. இப்போது நன்றாக வெட்டுகிறது. ஆனால் வாங்கும்போது இருந்த உருவம் இனி வராது.

கிரைண்டருக்குச் சொன்னது அடுப்புக்கும் பொருந்தும். காம்பு ஒடிந்து, மரத்துண்டு ஓட்டைக்குள் சிக்கிக்கொண்டால் விறகடுப்பில் போட்டு எரித்தெடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. மரம் கரியாகும், கூடவே தோய்ச்சலும் போகும். தாத்தா காலத்துக் கோடாலி ஒன்று, கொல்லன் அடித்தது, அடுப்பிலிருந்து வெளியே வந்தபின் தகரம் மாதிரி ஆனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோத்தகிரியைச் சுற்றியிருக்கும் மலைக் கிராமங்களுக்கு நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாக இரும்புச் சாமான் செய்து கொடுத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பழைய தலை உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் தயவுசெய்து தீயில் போடாதீர்கள். மரத்துண்டின் நடுவே டிரில்லால் நாலைந்து ஓட்டை போட்டு, இரும்புக் கம்பியை வைத்துத் தட்டினால் கழன்று விழுந்துவிடும்.

முழுத் தலையும் வெந்துவிட்டால் ஒரே வழி பட்டறைதான். காந்தம் ஒட்டாத அளவுக்கு, அதாவது சுமார் 770 டிகிரியைத் தாண்டிக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி பதம் காட்ட வேண்டும். தெரிந்த கொல்லர் கையில் கொடுங்கள். வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம்.

பெயின்ட்டைக் கொளுத்தி எடுப்பது

மேலே சொன்னதுதான். பெயின்ட் ரிமூவர் வாங்குங்கள்.

அரத்தை முன்னும் பின்னும் தேய்ப்பது

அரத்தின் பல் தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போதும் அழுத்தினால் பல் மழுங்கும், அவ்வளவுதான் பலன். ஒவ்வொரு முறையும் தூக்கி எடுத்து, திரும்ப வைத்துத் தள்ளுங்கள். தலையைக் கிளாம்பில் இறுக்கிக்கொண்டு, பத்து அங்குல பாஸ்டர்ட் (சற்றுக் கரடான பல்) அரத்தில் தொடங்கி ஸ்மூத் (நெருக்கமான பல்) அரத்தில் முடித்தால் போதும். பிடி இல்லாத அரத்தைத் தொடவே வேண்டாம். அதன் வால் உள்ளங்கையில் ஏறிவிடும். வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்துவிட்டு அரம் போடுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் அரம் படுகிறது. வாயின் நுனிவரை மை அழியவில்லை என்றால் கோணம் படுத்திருக்கிறது, அரத்தைச் சற்றே தூக்க வேண்டும்.

சவரக் கத்தி ஆக்க ஆசைப்படுவது

இரண்டு பக்கமும் சேர்த்து 25 முதல் 30 டிகிரி. சுள்ளி வெட்ட, செதுக்க இது போதும். அதற்குக் கீழே போனால் முதல் முடிச்சிலேயே வாய் தெறிக்கும். எறிவதற்கென்றே வைத்திருப்பதற்கு இவ்வளவு கூர்கூட வேண்டாம்.

பிசிறை அப்படியே விடுவது

அரம் போட்டு முடித்ததும் வாயின் மறுபக்கம் ஒரு மெல்லிய பிசிறு சுருண்டு நிற்கும். விரலை வாயின் குறுக்கே, வெளிப்பக்கமாக இழுத்தால் தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள். அந்தப் பிசிறைக் கூர் என்று நம்பி நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். பேப்பரை வெட்டும், இரண்டு கட்டை வெட்டியதும் ஒடிந்து விழும், பிறகு 'இரும்பு சரியில்லை' என்பார்கள். சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் பிசிறு போய்விடும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் வாயைப் பின்னோக்கி இழுத்துத் துடையுங்கள்.

வினிகரில் போட்டு மறந்துவிடுவது

பெயின்ட் எடுத்த தலைக்குச் சாம்பல் நிறம் வரவழைக்க வினிகரில் ஊறப்போடுகிறார்கள். நல்ல யோசனைதான், மெல்லிய அந்தப் படலம் துருவை ஓரளவு தடுக்கும். ஆனால் எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் அமிலம் தன் வேலையை நிறுத்தாது. வாயையும் அது அரிக்கும் என்பதால் தீட்டுவதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தலை ஆடினால் தண்ணீரில் ஊறவைப்பது

மரம் உப்பும், ஒருநாள் இறுகும். ஓட்டைக்குள் உப்ப இடமில்லாமல் மரத்தின் நார் நசுங்கும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். மலையிலிருந்து சித்திரை வெயிலில் மேட்டுப்பாளையம் இறங்கினால் இதே கதைதான்: இங்கே ஈரத்தில் இறுக்கமாக இருந்த காம்பு அங்கே சுருங்கும். கீழே போனதும் தலையைத் தட்டிப் பார்த்து ஏற்றிவிட்டுப் பிறகு கை வையுங்கள்.

கைக்குக் கிடைத்த மரத்தில் காம்பு போடுவது

கற்பூர மரம் (யூகலிப்டஸ்) எங்கும் கிடக்கிறது, உறுதியாகவும் இருக்கிறது. ஆனால் அதன் இழை முறுக்கியபடி ஓடும். காயும்போது வெடிக்கும், கோணும். சில்வர் ஓக் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் ஹிக்கரி போடுகிறார்கள். நமக்குக் கொய்யாவும் கருவேலமும் நன்றாக உழைக்கும். எதுவானாலும் நிழலில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இழை காம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் ஓட வேண்டும், முடிச்சு கூடாது. கவாத்தில் விழுந்த கிளையைக் கேட்டு வாங்குங்கள். மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்தே இருக்கிறது. சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைப்பது

காம்பின் வார்னிஷைச் சுரண்டிவிட்டு லின்சீட் ஆயில் தடவுவது நல்லது, கையில் கொப்புளம் வராது. ஆனால் அந்த எண்ணெய் காயும்போது சூட்டை வெளிவிடும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிப் போடுங்கள்.

பின்பக்கத்தால் ஆணி அடிப்பது

சுத்தியல் முகம் வைத்துச் செய்ததாக இருந்தால் ஒழிய, வேண்டாம். ஓட்டையின் சுவர் மெல்லியது, நெளிந்துவிடும்.

இடுப்பில் செருகிக்கொண்டு ஊரைச் சுற்றுவது

வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிகளுக்கு ஆயுத விதிகளில் விலக்கு உண்டு. ஆனால் போர்க்கோடாலி அதே விதிகளின் ஆயுதப் பட்டியலில் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. சோதனைச் சாவடியில் நிற்கும் காவலருக்கு உங்கள் டோமஹாக் இரண்டில் எதுவாகத் தெரியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பைக்குள், வாய்க்கு உறை போட்டு, முகாம் சாமானோடு எடுத்துப் போங்கள்.

தோலுறையிலேயே வைத்துப் பூட்டுவது

ஆனி, ஆடியில் சாரலும் மூடுபனியும் வீட்டுக்குள்ளேயே வருகிற ஊர் இது. தோல் அந்த ஈரத்தை உறிஞ்சி வாயோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். உறையை எடுத்துச் செல்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தலைக்குத் தேங்காய் எண்ணெயோ மெஷின் ஆயிலோ மெல்லிசாகத் தடவி, உறையில்லாமல், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் அடுப்படிப் பக்கம் மாட்டுங்கள். வாரம் ஒருமுறை துடைத்துப் புது எண்ணெய் தடவுங்கள். காம்பு நுழையும் ஓட்டையின் ஓரத்தையும் மறக்காமல் பாருங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.