எப்காட் ஜப்பான் அரங்கில் குளூட்டன் இல்லாமல் சாப்பிட

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள புரதம், சிலர் உடல்நலத்துக்காக அதைத் தவிர்க்க வேண்டியிருக்கும். சோறும் மீனும்தானே, கோதுமைக்கு அங்கே என்ன வேலை என்று நம்பிப் போகிறவர்கள்தான் ஜப்பானிய உணவகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஊடோன் என்னும் கோதுமை நூடுல்ஸும், மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புராவும் பார்த்ததுமே தெரிந்துவிடும். தெரியாமல் உள்ளே போவது சோயா சாஸ். வழக்கமான ஜப்பானிய சோயா சாஸில் சோயாவுக்கு ஏறக்குறைய சமமாகக் கோதுமையும் சேர்கிறது. டெரியாக்கி, பொன்சு போன்ற சாஸ்கள், விலாங்கு மீன்மேல் தடவும் இனிப்புச் சாறு, சாலட்டுக்கு ஊற்றும் இஞ்சிக் கலவை எல்லாவற்றிலும் பெரும்பாலும் அதுதான் அடிப்படை. புளிக்கும்போது குளூட்டன் சிதைந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிதைந்த துண்டுகளை வழக்கமான பரிசோதனை சரியாக அளப்பதில்லை.

ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் உள்ள ஜப்பான் அரங்கின் உணவகங்களை மிட்சுகோஷி நிறுவனம் நடத்துகிறது. மேசையில் பரிமாறும் உணவகங்களுக்கு 60 நாள் முன்பிருந்தே இடம் பதியலாம். பதியும்போதே ஒவ்வாமைப் பகுதியில் குறித்துவிட்டு, உட்கார்ந்ததும் மறுபடி வாயால் சொல்லுங்கள். கோதுமை என்று மட்டும் சொன்னால் போதாது. பார்லி, ரை, சோயா சாஸ் மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க லேபிள் சட்டம் கட்டாயமாக்கிய ஒன்பது ஒவ்வாமைப் பொருள்களில் கோதுமை உண்டு, பார்லி இல்லை. மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதில் சில வகைகள் பார்லியில் செய்தவை. முகிச்சா என்ற தேநீர் முழுக்கப் பார்லியே.

அந்த அரங்கின் டெப்பான் எடோ உணவகத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பெரிய தோசைக்கல் போன்ற இரும்புத் தட்டில், சுற்றி உட்கார்ந்த எல்லோருக்கும் சமைப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரரின் நூடுல்ஸும் சாஸும் உங்கள் இறால்வரை ஓடிவரும். சூட்டில் குளூட்டன் அழியாது. கல் கொதிக்கிறதே என்ற சமாதானம் செல்லாது. உங்கள் தட்டை உள் சமையலறையில் தனிச் சட்டியில் செய்யச் சொல்வதே நல்லது. கரண்டி வித்தையைப் பார்க்க எந்தத் தடையும் இல்லை, சாப்பாடு மட்டும் உள்ளிருந்து வரும். கல்லிலேயே செய்வதாக இருந்தால் நான்கு நிபந்தனைகள்: கல்லைச் சுரண்டித் துடைக்க வேண்டும், கரண்டியை மாற்ற வேண்டும், உங்களுடையதை முதலில் சமைக்க வேண்டும், எண்ணெய், உப்பு, மிளகு தவிர எதுவும் படக்கூடாது. வறுத்த சோறு வேண்டாம், வெறும் வேகவைத்த சோறு கேளுங்கள். கடை திறந்த முதல் வேளையில் போனால் கல்லும் சுத்தம், சமையல்காரருக்கும் நிதானம்.

ஷிகி-சாய் போன்ற சுஷி உணவகத்தில் வெறும் சோறு, சஷிமி என்னும் பச்சை மீன் துண்டுகள், உப்பு மட்டும் தூவிய எடமாமே (பச்சைச் சோயாக் காய்) ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். கத்தி, பலகை, கையுறை மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள். நண்டு போலச் செய்த மீன் துண்டான கிராப் ஸ்டிக்கில் பெரும்பாலும் கோதுமை மாவுச்சத்து இருக்கும். மீன் முட்டையை சோயாவில் ஊறவைப்பது வழக்கம். டமாகோ முட்டை அடையிலும் பெரும்பாலும் சோயா சாஸ் சேரும். சோற்றை அடைக்கும் இனாரி என்னும் பொரித்த டோஃபு உறை சோயா சாறில் வேகவைத்தது. சுஷிச் சோற்றுக்குச் சேர்க்கும் வினிகர் எதில் செய்தது என்று கேட்டுவிடுங்கள். பச்சை வாசாபி விழுது பெரும்பாலும் அசலானது இல்லை. அதன் லேபிளைப் பார்க்க வேண்டும்.

கோதுமை குறைவாகவோ இல்லாமலோ செய்யும் சோயா சாஸான தமாரியைச் சிறு பாக்கெட்டுகளாகக் கையோடு கொண்டுபோங்கள். டிஸ்னி பூங்காவுக்குள் சொந்த உணவு கொண்டுவரத் தடையில்லை. எல்லாத் தமாரியும் கோதுமை இல்லாதது அல்ல, குளூட்டன் இல்லை என்று அச்சிட்டது வேண்டும். அமெரிக்காவில் அந்த வாசகத்துக்கு 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழே என்பது வரம்பு.

கட்சுரா கிரில்லில் வரிசையில் நின்று வாங்க வேண்டும், கேள்வி கேட்க நேரம் குறைவு. ஜப்பானியக் கறிக் குழம்பைக் கெட்டியாக்குவது கோதுமை மாவு. டெம்புரா எண்ணெயில் பொரித்த எதையும் தொடாதீர்கள். பொறுமை இல்லாத நாளில் இந்த இடத்தைத் தவிர்த்துவிடலாம். வெயிலுக்குக் ககிகோரி என்னும் சீவிய ஐஸ் வாங்கினால், சிரப் போத்தலின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள்.