தென்னாப்பிரிக்கக் கொடி: அச்சடிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடி, பேனர் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் நாங்கள் விழுந்த அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். தலைகீழாகப் போடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

செங்குத்தாகத் தொங்கவிடும்போது

இது இன்னும் எனக்கு எரிச்சல் தருவது. கிரிக்கெட் போட்டி ஒன்றுக்கு நீளத் தொங்கல் பேனர் கேட்டிருந்தார்கள். பையன் கொடியை வலப்பக்கமாக 90 டிகிரி சுழற்றி பிரிண்டுக்கு அனுப்பிவிட்டான். கறுப்பு முக்கோணம் மேலே வந்தது, சரி. சிவப்பு வலப்பக்கம் போய்விட்டதே! விதிப்படி கம்பப் பக்கம், அதாவது முக்கோணம் இருக்கும் பக்கம், மேலே இருக்க வேண்டும்; சிவப்பு, பார்ப்பவருக்கு இடப்பக்கம் வர வேண்டும்.

"அப்போ இடப்பக்கமா சுத்திடலாம்ண்ணே" என்றான். சிவப்பு சரியாகிவிடும், முக்கோணம் கீழே போய்விடும். வெறுமனே சுழற்றினால் எந்தப் பக்கமும் உதவாது. வலப்பக்கம் சுழற்றி, அப்புறம் இடவலமாக மிரர் செய்ய வேண்டும். துணிக்கொடி என்றால் பின்பக்கத்தைத் திருப்பித் தொங்கவிட்டாலே அமைந்துவிடும். ஒருபக்கம் மட்டும் அச்சாகும் ஃப்ளெக்ஸில்தான் மாட்டிக்கொள்வோம். அன்றைக்கு மொத்தமும் மறுபடி அடித்தோம், நஷ்டம் எங்களுடையது.

கோடுகளைக் கண்ணளவில் போடுவது

உயரம் 90 செ.மீ. என்றால் நீளம் 135. மேலிருந்து சிவப்பு 30, வெள்ளை 6, பச்சை 18, வெள்ளை 6, நீலம் 30. முக்கோணத்தை ஒட்டிய கோடு மஞ்சள். அதையும் வெள்ளையாக்கிவிடுகிறார்கள்.

நிறத்துக்கு அர்த்தம் எழுதுவது

சிவப்பு ரத்தம், பச்சை வயல் என்று கீழே ஒரு வரி சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அந்நாட்டு அரசு எந்த நிறத்துக்கும் அதிகாரப்பூர்வமாகப் பொருள் சொல்லவில்லை. கறுப்பு, பச்சை, மஞ்சளில் மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸைப் பார்ப்பவர்கள் உண்டு. சிவப்பு, வெள்ளை, நீலத்தில் பிரிட்டனையும் நெதர்லாந்தையும் பார்ப்பவர்களும் உண்டு. எல்லோரும் ஏற்க வேண்டிய கொடியில் இந்த மௌனம் புத்திசாலித்தனம் என்றே எனக்குப் படுகிறது.

போட்டியில் வென்ற வடிவம் என்று எழுதுவது

பொதுமக்களிடமிருந்து 7,000-க்கும் மேல் வடிவங்கள் வந்தன, ஒன்றும் தேறவில்லை. அரசின் சின்னவியல் அதிகாரி ஃபிரெடெரிக் பிரவுனெல் வரைந்தது 1994 மார்ச் 15 அன்று ஒப்புதல் பெற்று, ஏப்ரல் 27, எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நாளில் ஏறியது. அதுவும் இடைக்காலக் கொடியாகத்தான். 1996 அரசியலமைப்புதான் நிலைக்கச் செய்தது.

ஆரஞ்சு, வெள்ளை, நீலத்தில் நிறவெறி ஆட்சிக்காலப் பழைய கொடி

கேட்டாலும் அடித்துத் தராதீர்கள். அதைக் காரணமின்றிக் காட்டுவது வெறுப்புப் பேச்சு என்று 2019-லேயே அங்கே தீர்ப்பாகிவிட்டது.