டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு வீட்டுக் கல்வி: எழுத்துப் பாடத்தையும் இலக்கணப் பாடத்தையும் தேர்ந்தெடுக்கும் முறை

டிஸ்லெக்சியா (வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் தடுமாற்றம் தரும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் பெற்றோர் பலரும் வயதுக்குரிய வகுப்பைப் பார்த்தே புத்தகம் வாங்குகின்றனர். பத்து வயதாகிவிட்டது என்பதற்காக ஐந்தாம் வகுப்பு இலக்கணத்தை முன்னால் வைப்பதில் பயனில்லை. பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே பாடத்தைத் தேட வேண்டும். புதுச்சேரி குபேர் அங்காடிக்குப் போய்வந்த கதையை முதலில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அதையே எழுதச் சொல்லுங்கள். சொல்லும்போது சரளமாக வந்த கதை தாளில் இரண்டு வரியோடு நின்றுவிட்டால், தடை பெரும்பாலும் எழுத்துக்கூட்டலிலோ கையெழுத்திலோ இருக்கிறது. சொல்லும்போதே முன்பின்னாக வந்தால், நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தப் பழக்கும் பாடமே முதலில் வேண்டும்.

எழுதிய தாளில் உள்ள பிழைகளையும் வகை பிரித்துப் பார்க்க வேண்டும். "வந்தார்கள்" என்பதை "வந்தாங்க" என்று எழுதினால் பிள்ளை பேசுவதை அப்படியே எழுதியிருக்கிறது. அதை எழுத்துப்பிழையாக எண்ணிச் சிவப்பு மையால் அடிப்பது தவறு. "பழம்" என்பதைப் "பளம்" என்று எழுதுவதும், ர-ற, ந-ன மாறுவதும் வேறு வகை, ஏனெனில் இவற்றை இன்றைய பேச்சில் காதால் பிரித்தறிவது கடினம். கொம்பு இடம் மாறுவது மூன்றாவது வகை: "கொ" என்பதில் ககர ஒலிக்குப் பின் வரும் உயிரொலியின் குறி, எழுத்தில் ககரத்துக்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கிறது. கெ, கே, கொ, கோ ஆகிய நான்கையும் ஒரே நாளில் கற்பிக்கும் பாடநூலை இத்தகைய பிள்ளைக்கு வாங்க வேண்டாம்.

நல்ல பாடம், மனப்பாடத்துக்கு விடாமல் விதி இருக்கும் இடத்தில் விதியைக் காட்டும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்னும் இன எழுத்துச் சேர்க்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொற்களோடு பழக்கினால் மூன்று சுழியா, இரண்டு சுழியா என்ற குழப்பத்தில் ஒரு பகுதி தானாகவே தீரும். தந்நகரம் பெரும்பாலும் சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னுமே வரும் என்பதும் அத்தகைய விதியே. கண், காது, வாய், கை நான்கும் ஒன்றாக ஈடுபடும் பயிற்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகிய முறை இதற்கு மிகவும் பொருந்தும். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் மாலையில் அன்றைய எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மணலில் பெரிதாக எழுத வைக்கலாம். (தாத்தாவின் அலமாரியில் உள்ள பழைய கதைப் புத்தகங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சானவற்றில் லை, னை, றா போன்றவை வேறு வடிவில் இருக்கும்.)

இலக்கணத்தில்தான் தேர்வு பெரும்பாலும் பிசகுகிறது. எழுவாய், பயனிலை, ஆகுபெயர் என்று பெயர்களை ஒப்பிக்கச் சொல்லும் நூல்கள் ஏராளம். அவற்றால் எழுத்து மேம்படுவதில்லை. நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டீவ் கிரகாம், டொலோரஸ் பெரின் ஆகியோர் 2007இல் அமெரிக்காவில் வெளியிட்ட அறிக்கை, தனியாக இலக்கணம் கற்பிப்பதைவிடச் சிறு வாக்கியங்களை இணைக்கும் பயிற்சியே பலன் தருவதாகக் காட்டியது. தமிழில் இதற்கு எச்சங்கள் இருக்கின்றன. "அம்மா கடைக்குப் போனார். மீன் வாங்கினார். வீட்டுக்கு வந்தார்." என்ற மூன்றையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். "அம்மா கடைக்குப் போய், மீன் வாங்கி, வீட்டுக்கு வந்தார்" என்று பிள்ளை வாயாலேயே இணைத்துவிடும், ஏனெனில் அது தினமும் அப்படித்தான் பேசுகிறது. அடுத்து "அம்மா மீன் வாங்கினார். அந்த மீன் புதியது." என்பதிலிருந்து "அம்மா வாங்கிய மீன் புதியது" வரும். வினையெச்சம், பெயரெச்சம் என்ற பெயர்களைச் சில மாதங்கள் கழித்துச் சொன்னாலும் போதும். வல்லினம் மிகும் இடங்களை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்துக்கு, ஒலியையும் எழுத்தையும் பல புலன்களின் வழியே படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையை ஒட்டிய பாடங்கள் கிடைக்கின்றன. அவை ஆங்கில ஒலிகளுக்காக வரிசைப்படுத்தப்பட்டவை என்பதால், அதே வரிசையைத் தமிழுக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது. எந்தப் பாடமானாலும் முழு ஆண்டுக்கும் பணம் கட்டும் முன் மாதிரிப் பாடம் ஒன்றைக் கேட்டு வாங்கி நடத்திப் பாருங்கள்: ஒரு பாடத்தில் ஒரே ஒரு புதிய செய்தி இருக்க வேண்டும்; பழையது திரும்பத் திரும்ப வர வேண்டும்; பிள்ளை சொல்லப் பெற்றோர் எழுதவும், கைப்பேசியில் குரல்வழித் தட்டச்சு செய்யவும் இடம் வேண்டும். நீண்ட பத்தியைப் பார்த்து எழுதச் சொல்லும் நூல் இதில் தேறாது.

தேர்வைப் பற்றிய அச்சத்தால் அவசரப்பட வேண்டியதில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்த பின் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். ஐந்து பாடங்களில் ஒரு மொழி இருந்தால் போதும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கியது. கூடுதல் நேரம், எழுத்தர் உதவி போன்ற சலுகைகளுக்கு உரிய சான்றிதழ் தேவைப்படுவதால், மதிப்பீட்டு அறிக்கையையும், மாதந்தோறும் பிள்ளை எழுதிய ஒரு பக்கத்தைத் தேதியிட்டும் ஒரே கோப்பில் சேர்த்து வாருங்கள். சில மாதங்களின் பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது அதே வகைப் பிழை குறையாமல் இருந்தால், அந்தப் பாடத்தை மாற்றிவிடலாம்.