வீட்டுலயே மாம்பழ ஐஸ்க்ரீம் கேக், ஓவனே வேணாம்

அம்மா பர்த்டேக்கு கடைல ஆர்டர் பண்ணாம நானே செஞ்சது இது, ஆனா முதல் நாள் ராத்திரியே செஞ்சு வச்சிரணும்.

200 கிராம் மேரி பிஸ்கட்ட மிக்ஸில பொடிச்சு 80 கிராம் உருக்குன வெண்ணெய் கலந்து, 7 இன்ச் டின்ல பட்டர் பேப்பர் போட்டு (ஓரம் வெளில நீட்டிக்கிட்டு இருக்கணும், அப்பதான் தூக்கி எடுக்க வரும்) டம்ளர் அடியால அழுத்தி ஃப்ரீசர்ல வைங்க.

அடுத்து க்ரீம், இங்கதான் மேட்டரே. 2 கப் விப்பிங் க்ரீம், பாத்திரம், பீட்டர் எல்லாமே ஜில்லுனு இருக்கணும், இல்லன்னா நம்ம ஊர் வெயில்ல பொங்கவே பொங்காது, நான் ஐஸ் தண்ணி மேல பாத்திரத்த வச்சுதான் அடிச்சேன். பீட்டர தூக்கினா நுனி நிமிந்து நிக்கணும், அதோட நிறுத்திருங்க, இன்னும் அடிச்சா வெண்ணெயா பிரிஞ்சிரும். 1 டின் கண்டென்ஸ்டு மில்க், 1 கப் மாம்பழக் கூழ் (சுண்டக் காய்ச்சி ஆறவச்சது, தண்ணி இருந்தா நறநறன்னு ஐஸ் கட்டிரும்) சேத்து கரண்டியால மெதுவா கலந்து பிஸ்கட் மேல ஊத்துங்க.

நல்லா மூடி 8 மணி நேரம் ஃப்ரீசர். மீன் டப்பா பக்கத்துல மட்டும் வைக்காதீங்க, அனுபவம்! கத்திய சுடுதண்ணில முக்கி தொடச்சிட்டு வெட்டுங்க. பாட்டு பாடி ஃபோட்டோ எடுக்கறதுக்குள்ள உருக ஆரம்பிச்சிரும், அதனால சித்தப்பா, மாமான்னு எல்லாரும் வந்தப்புறமே வெளிய எடுங்க.