பல்குச்சியும் ஊறிய பட்டாணியும்

முதல் நாள் இரவே ஒரு கைப்பிடி காய்ந்த பட்டாணியை ஊறப்போட்டுவிடுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, துணியில் பரப்பி, மேல் ஈரம் போகும்வரை உலரவிட வேண்டும். வேகவைக்கக் கூடாது; வெந்தால் குத்தும்போதே பிளந்துவிடும். இரண்டு முனையும் கூராக உள்ள பல்குச்சி ஒரு டப்பா, தென்னை விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குகள் சில. பட்டாணியை மூட்டாகவும் குச்சியை விளிம்பாகவும் வைத்து வடிவங்கள் கட்ட, செலவு இவ்வளவுதான்.

மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவியலை இப்படித்தான் தொடங்குகிறேன். கனசதுரத்தைக் கையில் பிடித்தே பார்க்காத பிள்ளையிடம், மறைந்த விளிம்பைப் புள்ளிக்கோடாக வரையச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் பட்டாணி இல்லாமல் ஒரு புதிர். 12 குச்சிகளால் இரண்டுக்கு இரண்டாக நான்கு சதுரக் கட்டங்கள் அமையுங்கள். மூன்று குச்சிகளை மட்டும் இடம் மாற்றி, அதே அளவில் மூன்று சதுரங்களாக்க வேண்டும். ஒரு குச்சியும் மிஞ்சக் கூடாது. பிள்ளைகள் உடனே குச்சிகளை நகர்த்தத் தொடங்குவார்கள். நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள். மூன்று சதுரத்துக்கு, தனித்தனியாக நான்கு பக்கம் வைத்தால் 12. இருப்பதும் 12. அப்படியானால் எந்த இரண்டு சதுரமும் ஒரு பக்கத்தைப் பங்குபோட முடியாது. மூலையில் மட்டுமே தொடலாம். இது புரிந்துவிட்டால் மூலைக்கு மூலை எதிரே உள்ள இரண்டு கட்டங்களை அப்படியே விட்டுவிடுவார்கள். மிஞ்சிய நான்கு குச்சிகளில் கீழே கிடப்பதை அசைக்காமல், மற்ற மூன்றையும் அதன் அடியில் வைத்தால் மூன்றாவது சதுரம் வந்துவிடும்.

அடுத்தது, ஆறு குச்சிகளில் நான்கு சம முக்கோணங்கள். இதற்கு நேரம் கொடுங்கள். எல்லோரும் மேசைமேலேயே தட்டையாக அடுக்கிப் பார்ப்பார்கள். தாங்க முடியாமல் விடையைச் சொல்லிவிடாதீர்கள்; பட்டாணிக் கிண்ணத்தை அருகில் தள்ளிவைத்தால் போதும். யாராவது ஒரு முக்கோணத்தைச் செய்து, மீதி மூன்று குச்சிகளை மேலே நிமிர்த்துவார்கள். அதுதான் நான்முகி.

குச்சியைச் செருகுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. பட்டாணியின் இரண்டு பருப்பும் சேரும் கோட்டில் குத்தினால் பிரிந்துவிடும். பருப்பின் முதுகில், நடுவை நோக்கி, மெல்லத் திருகியபடி அரை சென்டிமீட்டர் இறக்குங்கள்.

இப்போது கனசதுரம்: 8 பட்டாணி, 12 குச்சி. செய்து முடித்ததும் மேலிருந்து விரலால் அழுத்தச் சொல்லுங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். நான்முகியை அழுத்தினால் அசையாது. ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். நான் காத்திருப்பது அந்தக் கேள்விக்காகத்தான். ஒரு சதுரத்தை மட்டும் தனியாகச் செய்து கையில் கொடுங்கள். பக்கங்களின் நீளம் மாறாமலே அது சாய்சதுரமாக நசுங்கும். முக்கோணத்தில் அதற்கு வழியில்லை.

சாய்ந்த கனசதுரத்தை நிமிர்த்த, முகத்துக்கு ஒன்றாக ஆறு மூலைவிட்டங்கள் வேண்டும். குச்சி 6.5 செ.மீ. என்றால் மூலைவிட்டம் ஏறக்குறைய 9.2 செ.மீ.; பல்குச்சி எட்டாது, ஈர்க்கை நறுக்கிக்கொள்ளுங்கள். ஆறும் நான்கே பட்டாணிகளில் கூடும்படி செருகினால், கனசதுரத்துக்குள் இன்னொரு நான்முகி ஒளிந்திருப்பது தெரியும்!

முன்கூட்டியே கணிக்கவும் வழி இருக்கிறது. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1864இல் எழுதிய கணக்கு இது: முனைகளின், அதாவது பட்டாணிகளின், எண்ணிக்கையை 3ஆல் பெருக்கி 6 கழியுங்கள், குச்சிகள் அதற்குக் குறைந்தால் சட்டகம் ஆடும். கனசதுரத்துக்கு 18 வேண்டும், இருப்பது 12. நாம் சேர்த்த ஆறு ஈர்க்கும் சரியாக அந்தக் குறைதான்.

பட்டாணியும் குச்சியும் புதிய யோசனை அல்ல. ஜெர்மனியில் மழலையர் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபெல், 19ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பாடமாக வைத்திருந்தார். பின்னாளில் முக்கோணங்களால் பெரும் குவிமாடங்கள் எழுப்பிய பக்மின்ஸ்டர் ஃபுல்லர், சிறுவனாக மழலையர் பள்ளியில் பட்டாணியிலும் பல்குச்சியிலும் முக்கோணச் சட்டகம் கட்டியதை நினைவுகூர்ந்திருக்கிறார். பார்வை மங்கலாக இருந்த அந்தப் பிள்ளைக்கு, எது உறுதியாக நிற்கிறது என்பதை விரல்களே சொல்லியிருக்கின்றன.

கை பழகியபின் இருபதுமுகி செய்யுங்கள். 12 பட்டாணி, 30 குச்சி. ஓர் ஐங்கோணம் செய்து, அதன் ஐந்து முனைகளிலிருந்தும் குச்சிகளை மேலே ஒரே பட்டாணியில் சேர்த்தால் ஒரு தொப்பி. அதேபோல் இன்னொன்று. ஒன்றைக் கவிழ்த்து, ஒன்றின் முனை மற்றதன் பக்கத்துக்கு நேராக வரும்படி திருப்பி, மீதிப் பத்துக் குச்சிகளால் வளைந்து வளைந்து இணைக்க வேண்டும். ஒவ்வொரு பட்டாணியிலும் ஐந்து குச்சி ஏறும். ஆகவே பெரிய பட்டாணிகளை இதற்கென்று ஒதுக்கிவையுங்கள். முடித்ததை எறும்பு ஏறாத இடத்தில் ஓரிரு நாள் காயவிடுங்கள். பட்டாணி சுருங்கிக் குச்சியைக் கவ்விக்கொள்ளும்; அதற்குப் பிறகு மேலே ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துப் பாருங்கள்.